விழுவதற்கும் ஒரு பேர் உண்டு



இந்த மாதச் சுவர்ப் பத்திரிகைக்கு எழுதச் சொல்லி தமிழ் டீச்சர் என்னிடம் தாள் கொடுத்தார்கள். "கட்டுரை நோட்டில் இருக்கிறதைப் பார்த்து எழுதாதே. நீ கண்ணால் பார்த்ததை எழுது" என்றார்கள். நான் கண்ணால் பார்த்ததிலேயே பெரியது கடல்தான். அதனால் கடலில் பலகை மேல் நின்றுகொண்டு அலையில் போகிறார்களே, அந்த சர்ஃபிங்கைப் பற்றியும், அதில் அவர்கள் பேசுகிற சொற்களைப் பற்றியும் எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

லீவு முடிந்து வந்து "நான் சர்ஃபிங் பார்த்தேன்" என்று வகுப்பில் சொன்னபோது, பின் பெஞ்சில் இருந்து "எங்க வீட்லயும் இருக்குது, சர்ஃப் எக்செல், பத்து ரூபா பாக்கெட்" என்று ஒரு குரல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான். ஆனால் இது துணி துவைக்கிற சர்ஃப் இல்லை. கரைக்கு வந்து உடைந்து நுரை தள்ளுகிற அலைக்கு ஆங்கிலத்தில் சர்ஃப் என்று பெயர். அந்த அலை மேல் ஏறிப் போவதுதான் சர்ஃபிங். கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தில் இருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவுவதையும் சர்ஃபிங் என்கிறார்கள். அது கடலில் இருந்து கடன் வாங்கிய சொல்.

எங்கள் சித்தி கேளம்பாக்கத்தில் இருக்கிறார்கள். சித்தப்பா அங்கே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். காலாண்டு லீவுக்கு என்னை மட்டும் அனுப்பினார்கள். அம்மாவுக்கு வீட்டிலேயே ஷூ அப்பருக்குக் கைத் தையல் வேலை. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி, விட்டுவிட்டு வர முடியாது. அப்பாவுக்கு டேனரியில் டிரம் வேலை. அக்கா ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் செக்‌ஷன், லீவு கிடையாது. அக்கா தன் சம்பளத்தில் இருந்து இருநூறு ரூபாய் எடுத்து என் கையில் வைத்து, "நான் கடலைப் பார்த்ததில்ல. எப்படி இருக்குதுன்னு வந்து ஒழுங்கா சொல்லணும்" என்றாள். அக்காவைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். மறந்துவிடாதீர்கள்.

ஆம்பூரில் இருந்து வேலூர், வேலூரில் இருந்து காஞ்சிபுரம், அங்கிருந்து செங்கல்பட்டு என்று பஸ் மாறி மாறிப் போனோம். அழைத்துப் போக வந்த சித்தப்பா வழியில் ஜன்னலைக் காட்டி, "இது எந்த ஆறு சொல்லு?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "உங்க ஊரு பாலாறுதான்" என்றார். பாலாறு கர்நாடகாவில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரா வழியாக வந்து, மொத்தம் 348 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூரில் கடலில் கலக்கிறது. நமக்கு அது மணலும் முள் செடியும்தான். 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோதுதான் பாலாறு நிஜமாகவே ஆறு என்று நான் நம்பினேன். நம் ஊர் ஆறு நமக்கு முன்னாலேயே கடலைப் பார்த்திருக்கிறது என்று நினைத்தபோது ஆச்சரியமாக இருந்தது.

கடல் என்னைத் தள்ளிவிட்டது

மறுநாள் விடிகாலையில் சித்தப்பா என்னையும் சித்தி பையனையும் கோவளத்துக்குக் கூட்டிப் போனார். கடலைப் பார்த்ததும் என்ன தோன்றியது என்று கேட்டால், முதலில் சத்தம்தான். கம்பெனி மிஷின் மாதிரி அது நிற்கவே இல்லை.

தூரத்தில் பத்துப் பதினைந்து பேர் ஆளுக்கு ஒரு நீளப் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு மிதந்தார்கள். ஒரு பெரிய அலை எழும்பியது. ஒருவர் மட்டும் கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி வந்து, டக்கென்று எழுந்து நின்றார். அலை அவரைத் தூக்கிக்கொண்டு வந்தது. அவர் கால் அசையவே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அதைப் பார்த்துக்கொண்டே முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தேன். அலைக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பின்னால் இருந்து ஒன்று வந்து அடித்தது. அவ்வளவுதான்! வானம் கீழே, மணல் மேலே. வாயில், மூக்கில் எல்லாம் உப்புத் தண்ணீர். எழுந்தபோது ஒரு செருப்பைக் காணோம். புதுச் சுடிதார் முழுக்க மண்.

பக்கத்தில் எட்டு வயது இருக்கும், ஒரு பாப்பா, தன்னைவிட உயரமான பலகையோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்துக் கையைத் தட்டி "வைப்அவுட்! வைப்அவுட்!" என்று கத்தினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். "இன்னா சொன்னே?" என்று கோபமாகக் கேட்டேன். அவள் ரொம்ப சாதாரணமாக, "விழுந்தா அதுக்குப் பேரு வைப்அவுட் அக்கா. நானு இன்னிக்கு ஆறு வாட்டி" என்று விரலைக் காட்டிவிட்டு, பலகையை இழுத்துக்கொண்டு மறுபடி தண்ணீருக்குள் போய்விட்டாள்.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நம் வீட்டில், தெருவில் விழுந்தால் திட்டு உண்டு, சிரிப்பு உண்டு, "கண்ணு எங்க இருந்துச்சு" உண்டு. இங்கே விழுவதற்கு ஒரு பேர் வைத்து, அதை எண்ணிக்கூட வைத்திருக்கிறார்கள்!

அண்ணா சொன்ன சொற்கள்

அங்கே சொல்லிக்கொடுக்கிற அண்ணா ஒருவர் சித்தப்பாவுக்குத் தெரிந்தவர். மீனவர் குடும்பம். நான் கேட்கக் கேட்க அலுக்காமல் சொன்னார். அன்று ராத்திரியே என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். வேறு நோட்டு கொண்டுபோகவில்லை. அதில் இருந்து கொஞ்சம் இங்கே தருகிறேன்.

அலைக்கு உடம்பு இருக்கிறது. முன்பக்கம் செங்குத்தாக எழும்பி நிற்கும் இடம் ஃபேஸ், அதாவது முகம். மேலே வளைந்து விழப்போகிற ஓரம் லிப், அதாவது உதடு. உடையாமல் சரிந்து இருக்கும் பக்கவாட்டு ஷோல்டர், தோள். முதலில் உடையும் உயரமான இடம் பீக். உதடு வளைந்து விழுந்து உள்ளே குகை மாதிரி ஆனால் அது பேரல். அந்தப் பீப்பாய்க்குள்ளேயே புகுந்து வெளியே வருவதுதான் பெரிய கெட்டிக்காரத்தனம். உடைந்த பிறகு வரும் வெள்ளை நுரைக்கு ஒயிட் வாட்டர் என்று பேர். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களை அதில்தான் விடுவார்கள்.

அலை எங்கே இருந்து வருகிறது என்று கேட்டேன். எங்கோ நடுக் கடலில், தெற்கே வெகு தூரத்தில் அடித்த காற்று கிளப்பிவிட்ட அலை, நாள் கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வரும். அதற்கு ஸ்வெல் என்று பேர். ஆனால் தண்ணீர் அவ்வளவு தூரம் வராதாம். ஈரப் புடவையை இரண்டு பேர் பிடித்து உதறினால் ஒரு அலை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு ஓடும், புடவை ஓடாது, அப்படித்தான். அறிவியல் டீச்சர் முகடு, அகடு என்று கரும்பலகையில் வரைந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கரைக்குப் பக்கத்தில் ஆழம் குறைந்ததும் அலையின் அடி மெதுவாகிவிடும், தலை அதே வேகத்தில் வரும். அதனால் தலைகுப்புற விழுகிறது. நான் விழுந்ததும் அப்படித்தான். அடியில் கால் மண்ணில் மாட்டியது, தலை போய்விட்டது!

அலைகள் ஒவ்வொன்றாக ஒரே மாதிரி வராது. பெரிய அலைகள் சில சேர்ந்து கூட்டமாக வரும். அது செட். பிறகு கொஞ்ச நேரம் கடல் சும்மா இருக்கும். அது லல். நம் கணக்குப் புத்தகத்தில் முதல் பாடம் கண மொழி. கணம் என்றால் செட். "அப்போ இது அலைகளின் கணம்" என்றேன். அண்ணாவுக்கு அது புரியவில்லை, ஆனாலும் சிரித்தார். அலை உடையும் இடத்தைத் தாண்டி எல்லாரும் பலகையில் உட்கார்ந்து காத்திருக்கும் இடம் லைன்அப். நான் தூரத்தில் பார்த்தேனே, அதுதான். "ஒரு மணி நேரம் கடல்ல இருந்தா, நின்னு போறது கொஞ்ச நேரம்தான். மிச்சம் எல்லாம் பேடில் பண்றதும் காத்திருக்கிறதும்தான்" என்றார். பேடில் என்றால் படுத்துக்கொண்டு கையால் துழாவுவது. படுத்த நிலையில் இருந்து ஒரே துள்ளில் எழுவது பாப்அப். மணலிலேயே இருபது தடவை செய்ய வைக்கிறார்கள். நானும் செய்தேன். மறுநாள் வயிறு வலித்தது.

ஒரு அலைக்கு ஒரு ஆள் என்பது சட்டம். பீக்குக்கு யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவருக்குத்தான் அந்த அலை. நடுவில் புகுந்தால் அது டிராப் இன். ரேஷன் கடை வரிசையில் நடுவில் நுழைகிற மாதிரி. அங்கேயும் சண்டை வரும்.

இடது காலை முன்னால் வைத்து நிற்பவர் ரெகுலர். வலது காலை முன்னால் வைப்பவர் கூஃபி. நீங்கள் எது என்று தெரிய வேண்டுமா? தோழியைப் பின்னால் இருந்து, தெரியாமல், மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள். எந்தக் கால் முதலில் முன்னால் போகிறதோ அதுதான். (வராந்தாவில் செய்ய வேண்டாம். மைதானத்தில் செய்யவும்.) நான் கூஃபி.

பலகைக்கும் மூக்கு உண்டு, வால் உண்டு. வழுக்காமல் இருக்க மேலே மெழுகு தேய்ப்பார்கள். கணுக்காலில் இருந்து பலகைக்கு ஒரு கயிறு. அது லீஷ். விழுந்தாலும் பலகை நம்மை விட்டுப் போகாது. சின்னப் பிள்ளைகளுக்கு குரோம் என்று செல்லப் பேர். என்னைப் பார்த்துக் கை தட்டியதே, அது ஒரு குரோம். கட்டை விரலையும் சுண்டு விரலையும் மட்டும் நீட்டிக் கையை ஆட்டினால் ஷாகா. அது ஹவாய்த் தீவில் இருந்து வந்த வணக்கம்.

காலையிலேயே ஏன் வருகிறார்கள் என்றால், நிலத்தில் இருந்து கடலுக்கு வீசும் காற்று அலையின் முகத்தைத் தாங்கிப் பிடித்து நிறுத்தும். அது ஆஃப்ஷோர். கடலில் இருந்து வீசினால் அலை கலைந்துவிடும். அது ஆன்ஷோர். அக்காவின் பழைய பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் கிழக்கில் இருந்து வருவது கொண்டல், மேற்கில் இருந்து வருவது கோடை என்று இருக்கிறது. நம் கரைக்குக் கடல் கிழக்கே. அப்படியென்றால் ஆஃப்ஷோர் என்பது நம் கோடைக் காற்று, ஆன்ஷோர் என்பது கொண்டல். நம்மிடமும் பேர் இருக்கிறது பாருங்கள்.

இன்னொன்று. அலை இடது பக்கம் உடைகிறதா, வலது பக்கம் உடைகிறதா என்பதை அலையில் போகிறவர் பக்கத்தில் இருந்துதான் சொல்வார்கள். கரையில் இருந்து பார்த்தால் மாறித் தெரியும். நான் கரையில் நின்று "லெஃப்ட்" என்றேன். அண்ணா, "கரையில நிக்கிறவங்க சொல்றது கணக்குல வராது தங்கச்சி" என்றார்.

முக்கியமானது ஒன்று. கரையில் இருந்து உள்ளே இழுத்துக்கொண்டு போகிற நீரோட்டத்துக்கு ரிப் என்று பேர். அதில் மாட்டினால் கரையை நோக்கி நேராக நீந்தக் கூடாது, களைத்துப் போவோம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதை விட்டு வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும். டூர் போகிறவர்கள் இதை மனப்பாடம் செய்யவும்.

நம்ம ஊர்க் கதையும் இருக்கிறது

இத்தனையும் இங்கிலீஷ் சொல்லாக இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். உண்மையில் சர்ஃபிங்கை உலகத்துக்குக் கொடுத்தது ஹவாய் மக்கள். அவர்கள் மொழியில் நலு என்றால் அலை. ஹவாயில் பிறந்த டியூக் கஹானமோகு 1912 ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வாங்கியவர். போகிற நாட்டில் எல்லாம் பலகையில் நின்று காட்டி இதைப் பரப்பினார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் சர்ஃபிங் முதல் முறையாகச் சேர்க்கப்பட்டது.

நாமும் உலகத்துக்கு ஒரு சொல் கொடுத்திருக்கிறோம். கட்டுமரம்! மரங்களைச் சேர்த்துக் கட்டியது கட்டுமரம். அதுதான் ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆனது. நம் மீனவர்கள் காலங்காலமாக அதில் அலையைத் தாண்டிப் போய், அலையோடு கரைக்கு வந்தவர்கள். சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பல்கள் தூரத்திலேயே நிற்குமாம். ஆட்களையும் மூட்டைகளையும் மசூலா படகில் ஏற்றி அலை வழியாகக் கரைக்குக் கொண்டு வருவார்கள். அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலை அடித்தால் உடைந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். தையல்காரி வீட்டுப் பெண் என்பதால் இது எனக்கு ரொம்பப் பிடித்தது.

கோவளத்தில் 2012-ல் மூர்த்தி மேகவன் என்கிற மீனவர் மற்றவர்களோடு சேர்ந்து சர்ஃபிங் பள்ளி தொடங்கினார். மீனவர் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பு. மாமல்லபுரத்தில் கமலி என்கிற மீனவர் வீட்டுப் பெண் பலகைச் சக்கரமும் ஓட்டுவாள், அலையிலும் போவாள். அவளையும் அவள் அம்மாவையும் பற்றி 2019-ல் வந்த குறும்படம் மறு வருடம் இங்கிலாந்தின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் போட்டி மாமல்லபுரத்திலேயே நடந்தது. அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டியில் தனி நபராகப் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் அவர்தான்.

இனி அக்கா

மறக்காதீர்கள் என்று சொன்னேனே. எங்கள் அக்கா இரண்டு வருடத்துக்கு முன்னால் பத்தாம் வகுப்பில் கணக்கில் 31 மார்க். நான்கு மார்க்கில் போய்விட்டது. மற்ற பாடங்களில் நல்ல மார்க். துணைத் தேர்வு எழுதச் சொன்னார்கள். அவள் எழுதவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனால் "இன்னாமா, பெயிலாமே?" என்று கேட்பார்கள். கோயிலுக்குப் போனாலும் அதே கேள்வி. அவள் வெளியே போவதையே விட்டுவிட்டாள். அம்மாவோடு உட்கார்ந்து கைத் தையல் போட்டாள். பதினெட்டு வயது முடிந்ததும் கம்பெனிக்குப் போனாள். காலையில் வேன் வரும், ஏறிப் போய்விடுவாள். புத்தகங்களை மூட்டை கட்டிப் பரண் மேல் போட்டுவிட்டாள். தமிழ்ப் புத்தகத்தை மட்டும் நான் எடுத்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் கணக்கு என்று யாரும் சத்தமாகச் சொல்லமாட்டோம்.

இப்போது என் விஷயம். லீவு முடிந்து காலாண்டுப் பேப்பர் கொடுத்தார்கள். எனக்குக் கணக்கில் 27. அக்காவைவிடக் குறைவு. அதை நான்காக மடித்து கணக்கு நோட்டின் பின்னால், கடல் சொற்கள் எழுதிய பக்கத்தில் வைத்துவிட்டேன். வீட்டில் "இன்னும் பேப்பர் தரல" என்று பொய் சொன்னேன். நானும் அக்கா மாதிரி ஆகிவிடுவேன் என்று ராத்திரியில் பயமாக இருந்தது. இதை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் உட்கார்ந்து அக்காவுக்குக் கடல் கதை சொன்னேன். கொடுத்த இருநூறு ரூபாய்க்கு அவள் முழுசாகக் கேட்டாள். உதடு, தோள், முகம் என்றதும் அவள் சிரித்து, "எங்க ஷூவுக்கும் உடம்பு இருக்குது. முன்னால டோ, பின்னால ஹீல், நடுவுல டங்க், அதான் நாக்கு" என்றாள். பிறகு அவளே வரிசையாகச் சொன்னாள். தோலை வெட்டுவது கிளிக்கிங். மடிக்கிற ஓரத்தை இழைத்து மெலிசாக்குவது ஸ்கைவிங். மேல் பாகம் அப்பர். அதை அச்சுக் காலில் இழுத்து மாட்டுவது லாஸ்டிங். அப்பாவின் டேனரியில் குரோம் போட்டு நீல நிறமாக வருவது வெட் ப்ளூ. தினமும் எங்கள் வீட்டில் நடமாடுகிற சொற்கள், நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கடல் சொற்களை மட்டும் ஓடி ஓடி எழுதினேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"நீ எழுதினதைக் காட்டு" என்று நோட்டை வாங்கினாள். நான் தடுப்பதற்குள் பின்பக்கத்தைத் திறந்தாள். பேப்பர் கீழே விழுந்தது.

அக்கா பிரித்துப் பார்த்தாள். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பாப்பா இன்னா சொன்னா? விழுந்தா பேரு இன்னா?" என்று கேட்டாள்.

"வைப்அவுட்."

"எங்க கம்பெனிலயும் ஒண்ணு இருக்குது. தையல் கோணலாப் போனா அப்பரைத் தூக்கிப் போட மாட்டாங்க. ரீவொர்க்னு ஒரு பெட்டி. அதுல போட்டா நமக்கே திரும்பி வரும். நூலைப் பிரிச்சிட்டு மறுபடி தைக்கணும். தோல்ல ஊசி ஓட்டை போகாது. அதனால புதுசா ஓட்டை போடக்கூடாது, அதே ஓட்டையில நிதானமாத் தைக்கணும்." சொல்லிவிட்டு என் பேப்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நான் தினமும் அடுத்தவங்க ஷூவை ரீவொர்க் பண்றேன். என் பேப்பரைப் பண்ணல" என்றாள்.

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அண்ணா சொன்னதைத்தான் சொன்னேன். "கரையில நிக்கிறவங்க சொல்றது கணக்குல வராதுக்கா."

அக்கா சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போ, முதல்ல அம்மாகிட்ட சொல்லு" என்றாள்.

சொன்னேன். அம்மா காதைத் திருகினார்கள். "27 வாங்கினதுக்கு இல்ல, மறைச்சதுக்கு" என்றார்கள். பிறகு ஊசியைக் கீழே வைத்துவிட்டு, பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள்.

போன வாரம் அக்கா பரணில் இருந்து அந்த மூட்டையை இறக்கினாள். கணக்குப் புத்தகத்தில் கரையான் அரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்து போடுகிறோம். அவள் எனக்குக் கண மொழி சொல்லித் தருகிறாள். அவளுக்கு மறந்துபோனதை நான் டீச்சரிடம் கேட்டு வந்து சொல்கிறேன். தப்பாகப் போட்டால் இரண்டு பேரும் "வைப்அவுட்" என்று கத்துகிறோம். கீழ்வீட்டுப் பாட்டி, "இன்னா அது, வீட்டுல கூச்சல்?" என்று கேட்கிறார்கள்.

தனித்தேர்வராக எழுத விண்ணப்பம் போடுவாயா என்று அக்காவைக் கேட்டேன். "பார்க்கலாம்" என்றாள். அவள் இப்போது லைன்அப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறேன். எந்த அலையில் எழுவது என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் பின்னால் இருந்து தள்ளக் கூடாது.

இதைச் சுவரில் எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுது. பேர் மட்டும் போடாதே" என்றாள். அதனால் என் பேரும் போடவில்லை. ஆனால் 9-ஆம் வகுப்பில் இந்தக் கையெழுத்து யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும்.

தோழிகளே, உங்களில் யாராவது பேப்பரை மடித்து நோட்டுக்குள் வைத்திருந்தால், இன்றைக்கே வெளியே எடுங்கள். உங்கள் வீட்டுத் தொழிலில் பேசுகிற சொற்கள் இருந்தால் எழுதி என்னிடம் கொடுங்கள். அடுத்த மாதத் தாளில் போடுகிறேன்.



இப்படிக்கு,
கூஃபி,
9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு